பூக்கேட்டால் சாமி சொல்கிறது, ஆய்வுக்கூடம் கேட்டால் சொல்லுமா?

பெருந்துறைப் பக்கம் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, கடவுள் இருக்கறாருங்கறதுக்கு அறிவியல்ல என்னைக்காவது ஆதாரம் கிடைக்குமா? ஹாஸ்டல்ல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை. அறிவியலுக்கும் கடவுளுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால கெடைக்கவே கெடைக்காதுங்கறான் ஒருத்தன். இருந்திருந்தா இந்நேரம் கெடைச்சிருக்கும், அதனால இல்லைங்கறான் இன்னொருத்தன்." வாட்ஸப்பில் நாலு வரி தட்டிவிட்டு முடிக்கிற விஷயம் இல்லை இது. முப்பது வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் எழுதினால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

இரண்டு கட்சியும் தப்பு என்றுதான் நினைக்கிறேன். எந்தச் சாமியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை. நம் குலசாமிக்கு ஆதாரம் தேட முடியும். கிடைக்கும் என்று சொல்லவில்லை, தேட முடியும் என்கிறேன். எல்லாம் வல்ல, எங்கும் நிறைந்த, தொடக்கமும் முடிவும் இல்லாத பரம்பொருள் என்று தத்துவக்காரர்கள் சொல்வதற்கு அப்படித் தேடவே முடியாது. சாமியைப் பெரிதாக்கப் பெரிதாக்க அது ஆதாரத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. நம் ஊர் மக்களுக்கு இது ஒரு மாதிரி தெரியும், அதனால்தான் பரம்பொருளிடம் யாரும் பூக்கேட்பதில்லை.

நீ பார்த்திருப்பாய். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, புது வீடோ, குலசாமி கோயிலுக்குப் போய் வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் கோயிலில் வெள்ளை வந்தால் சம்மதம், சில கோயில்களில் சிவப்புக்குத்தான் சம்மதம். எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு இது மூடநம்பிக்கை. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பரிசோதனையின் பாதி எலும்புக்கூடு தெரிகிறது. கேள்வி தெளிவாக இருக்கிறது. எந்த விடை வந்தால் என்ன பொருள் என்று முன்னாலேயே முடிவாகிறது. எடுக்கிற கைக்கு எந்தப் பொட்டலத்தில் என்ன என்று தெரியாது. இந்தக் கடைசி விஷயத்தை மருந்து ஆராய்ச்சிக்காரர்கள் பெரிய விதியாக வைத்திருக்கிறார்கள், நம் அமுச்சிகள் (பாட்டிமார்) குழந்தையை வைத்தே முடித்துவிட்டார்கள்.

இல்லாத மீதிப் பாதிதான் சிக்கல். என் பெரியம்மா மகள் கல்யாணத்துக்குப் பூக்கேட்டபோது முதல் தடவை சிவப்பு. "சாமிக்கு ஏதோ மனக்குறை, இன்னொருக்கா கேளுங்க" என்றார்கள். மறுபடி சிவப்பு. கற்பூரம் ஏற்றி, தப்பு இருந்தால் மன்னிக்கச் சொல்லி வேண்டிக்கொண்டு மூன்றாவது தடவை கேட்டார்கள், வெள்ளை வந்தது, எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். நான் அப்போது பனிரெண்டாவது படித்துக்கொண்டிருந்தேன், நிகழ்தகவு பாடம் அப்போதுதான் நடத்தியிருந்தார்கள். மூன்று தடவை கேட்கலாம் என்றால், சாமி அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு தடவையாவது வெள்ளை வருவதற்கு எட்டில் ஏழு வாய்ப்பு. அதாவது 87.5 சதவீதம். இதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது வேறு கதை.

சரி, எத்தனை தடவை வெள்ளை வந்தால் நான் மிரளுவேன்? இதற்கு இயற்பியலில் ஒரு வழக்கம் இருக்கிறது. 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகளை அறிவித்தார்களே, அதை 'ஐந்து சிக்மா' என்ற அளவு வந்த பிறகுதான் அறிவித்தார்கள். துகளே இல்லாமல் சும்மா தற்செயலாக அப்படி ஒரு மேடு வரைபடத்தில் வர ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று அர்த்தம். பூக்கணக்கில் சொன்னால் இடையில் ஒரு சிவப்புகூட இல்லாமல் தொடர்ந்து 22 தடவை வெள்ளை. அதுவும் போதாது என்று, தங்கள் ஆசை தங்களை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, அந்த வருஷத் தரவில் துகள் இருக்கக்கூடிய பகுதியைக் கடைசி வரை தாங்களே பார்க்காமல் மூடி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று பீட்டர் ஹிக்ஸ் எழுதியது 1964இல், கிடைத்தது 48 வருஷம் கழித்து. (செர்ன் வளாகத்தில் நடராஜர் சிலை இருப்பதைக் காட்டி அறிவியல் சிவனை ஒப்புக்கொண்டது என்று வருஷா வருஷம் ஒரு செய்தி சுற்றுகிறது. அது 2004இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு, அவ்வளவுதான்.)

ஆக, அறிவியலால் முடியவே முடியாது என்கிறவனுக்கு என் பதில் இது. விடை சரிபார்க்கக்கூடிய கேள்வியாக எடுத்துக்கொண்டு, இந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது மாதிரி, ஒரு குலசாமி 22 கேள்விக்கும் பிசகாமல் சொல்லிவிட்டால், பூசாரிக்கும் தெரியாமல் பொட்டலம் கட்டி, வேறு ஊர்க்காரர்கள் வந்து திரும்பச் செய்து பார்த்தும் அதே மாதிரி வந்தால், உலகத்தில் உள்ள அத்தனை இயற்பியல்காரர்களும் கொடுமுடி பஸ்ஸில் இடம்பிடிக்க அடித்துக்கொள்வார்கள். இங்கே வந்து வேலை செய்கிற சாமி, இங்கே தடம் பதிக்கும். தடம் இருந்தால் அளக்கலாம்.

காங்கேயம் பக்கம் சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது, தெரிந்திருக்கும். யாராவது ஒரு பக்தர் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்பார், கோயிலில் பூக்கேட்டு உத்தரவானால் கண்ணாடிப் பெட்டியில் அந்தப் பொருளை வைப்பார்கள், அடுத்த கனவு வரும் வரை அது அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்தார்கள், சுனாமி வந்தது என்பார்கள். இதுவும் பாதி எலும்புக்கூடுதான், ஆனால் பூக்கேட்பதைவிட ஒரு படி கீழே. மஞ்சள் வைத்தால் என்ன நடக்கும் என்று வைக்கிற அன்றைக்கு யாரும் எழுதி வைப்பதில்லை. ஈரோட்டு மார்க்கெட்டில் விலை ஏறினால் "அதுக்குத்தான் வெச்சாங்க". இறங்கினாலும் "அதுக்குத்தான் வெச்சாங்க". ஒன்றுமே ஆகாவிட்டால் அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. எது நடந்தாலும் பொருந்துகிற குறிப்பு எதையும் சொல்லவில்லை என்றுதான் கணக்கு. பொருள் வைக்கிற அன்றைக்கே விலை ஏறுமா இறங்குமா, ஆறு மாசத்துக்குள்ளா ஒரு வருஷத்துக்குள்ளா என்று நாலு பேர் கையெழுத்தோடு எழுதிப் பூட்டி வைத்தால், சிவன்மலைப் பெட்டி உலகத்திலேயே மிக சுவாரசியமான ஆய்வுக்கூடமாகிவிடும். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

வேண்டுதலை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்றால், பார்த்திருக்கிறார்கள். 1872இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் சாமர்த்தியமாக ஒரு கணக்கு போட்டார். ராஜா ராணி நீடூழி வாழ வேண்டும் என்று அந்த நாட்டில் ஊர் ஊராகக் கோயிலில் வேண்டுகிறார்களே, அப்படியானால் ராஜ குடும்பம் ரொம்ப நாள் வாழ வேண்டுமே? எடுத்துப் பார்த்தால் வசதியான மற்ற வகையினரைவிட அவர்கள் ஆயுள்தான் குறைவு. இது அரைக் கிண்டல் கணக்கு. முழு அக்கறையோடு செய்தது அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் என்ற டாக்டர் தலைமையில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வு. ஆறு ஆஸ்பத்திரி, பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர். ஒரு பிரிவுக்காக வேண்டிக்கொண்டார்கள், இன்னொன்றுக்காக வேண்டவில்லை, தாங்கள் எந்தப் பக்கம் என்று இந்த இரண்டு பிரிவுக்கும் தெரியாது. மூன்றாவது பிரிவுக்கு உங்களுக்காகக் கட்டாயம் வேண்டிக்கொள்கிறோம் என்று சொல்லியே செய்தார்கள். தெரியாமல் வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது சிக்கல் வந்தது, வேண்டாதவர்களில் 51. வேண்டுகிறார்கள் என்று தெரிந்தவர்களில் 59! அவ்வளவு பேர் கூடி வேண்டுகிற அளவுக்கா என் நிலைமை மோசம் என்று பயந்துவிட்டார்களோ என்னவோ.

பக்தர் இதற்கு என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் என் அம்மாவே சொன்னார்: "சாமிக்கே பரீட்சை வெப்பாங்களா, அது வந்து உக்காந்து எழுதுமா?" நியாயமான பதில் என்றே வைத்துக்கொள்வோம். அறிவுள்ள ஒரு சாமி, தன்னை அளக்கிறார்கள் என்று தெரிந்து சும்மா இருந்துவிடலாம், எலக்ட்ரான் அப்படிச் செய்யாது. ஆனால் அப்படிச் சொல்கிறவர், பக்கத்து வீட்டுக்காரருக்கு நேர்ந்துகொண்டதால் காய்ச்சல் சரியானது என்பதையும் ஆதாரமாகக் கொண்டுவரக் கூடாது. பாஸானால் மார்க் வாங்கிக்கொண்டு, பெயிலானால் பரீட்சையே எழுதவில்லை என்று சொல்வதை எந்த வாத்தியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பவானி சங்கமேஸ்வரர் கோயிலில் ஒரு தந்தக் கட்டில் இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ 1804இல் கொடுத்தது. மழையும் இடியுமாக இருந்த ஒரு ராத்திரி, ஒரு சின்னப் பெண் வந்து அவரை எழுப்பி வெளியே கூட்டிவந்தாள், அடுத்த நிமிஷம் பங்களா இடிந்து விழுந்தது, வந்தது வேதநாயகி அம்மன் என்பது கதை. சின்ன வயசில் அந்தக் கட்டிலைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, இப்போதும் அந்தக் கதையை எனக்குப் பிடிக்கும். ஆனால் கட்டில் எதற்கு ஆதாரம்? வேற்று நாட்டு, வேற்று மதத்து அதிகாரி ஒருவர் மனம் உருகி ஒரு கட்டில் கொடுத்தார் என்பதற்கு நல்ல ஆதாரம். அந்தப் பெண் யார் என்பதற்குக் கட்டிலில் விடை இல்லை. 1748இல் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவக்காரர் எழுதியது இங்கேதான் உதவும்: ஒருவர் அதிசயத்தைச் சொன்னால், அந்த அதிசயம் நடந்திருப்பது அதிகம் நம்பத்தக்கதா, சொன்னவர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது அதிகம் நம்பத்தக்கதா என்று எடைபோடு. வாட்ச்மேன் வீட்டுப் பெண் ஒன்று ஓடிவந்து எழுப்பியிருந்தாலும் துரைக்கு அது அம்மனாகத் தெரிந்திருக்கும், உயிர் பிழைத்தவன் கண்ணுக்கு யார்தான் அம்மனாகத் தெரிய மாட்டார்கள்.

இப்போது அந்த இன்னொரு கட்சி, இருந்திருந்தால் இந்நேரம் கிடைத்திருக்கும் என்கிறவன். கண்ணால் காணாததை அறிவியல் ஏற்காது என்று டீக்கடையில் பேசுகிறார்கள், அது சுத்தப் பொய். யுரேனஸ் கிரகம் கணக்குப்படி போகாமல் கொஞ்சம் தடம் மாறுவதை வைத்து, காணாத கிரகம் ஒன்று அதை இழுக்கிறது என்று லெவெரியே என்ற பிரெஞ்சுக்காரர் பேப்பரும் பேனாவும் வைத்தே இடத்தைக் குறித்தார். 1846 செப்டம்பரில் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள், குறித்த இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. புகையைக் கண்டு நெருப்பைச் சொல்வது என்று நம் ஆட்கள் அனுமானத்துக்குக் காட்டும் உதாரணம் இதுதான். அதே லெவெரியே, அதே முறையில், புதன் கிரகம் தடம் மாறுவதற்கும் சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கிரகம் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று, பார்த்தேன் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒன்று இல்லவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புது ஈர்ப்புக் கொள்கை அந்தக் கணக்கை நேர் செய்துவிட்டது. ஒரே ஆள், ஒரே மூளை, ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை. அனுமானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசியில் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சைவ சித்தாந்தக்காரர்கள் கடவுளுக்குக் காட்டுவதும் அனுமானம்தான். மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே அதில்தான் தொடங்குகிறது: அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற உலகம் தோன்றி, நின்று, அழிகிறது, ஆகவே அதைச் செய்கிற ஒருவன் வேண்டும். மெய்கண்டார் மேல் எனக்கு மரியாதை உண்டு. நம்பு என்று சொல்லி விட்டுவிடாமல் வாதம் செய்கிறவர். குடம் இருந்தால் குயவன் இருப்பான் என்கிற, நியாயம் என்ற பழைய தர்க்கப் பள்ளியின் மரபு அது. ஆனால் இதற்குப் பதில் சொன்னவரும் நம் நாட்டில்தான் இருந்தார். ஏழாம் நூற்றாண்டில் தர்மகீர்த்தி என்ற பௌத்தர், மண்ணால் ஆனதெல்லாம் குயவன் செய்தது என்றால் புற்றையும் குயவன்தான் செய்தானா என்று கேட்டார்.

இந்தப் புற்று விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் போகும். நம் தோட்டத்து வேலியோரம் இருக்கிறதே, ஆள் உயரப் புற்று, மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமை பால் ஊற்றுகிறார்களே அது. உள்ளே பார்த்தால் காற்று போக வழி, ராணிக்குத் தனி அறை, காளான் வளர்க்கும் தோட்டம், ஒரு கட்டட இன்ஜினியர் வரைபடம் போட்டுக் கட்டியது மாதிரியே இருக்கும். இன்ஜினியர் யாரும் இல்லை. ராணி முட்டை இடுகிறதே தவிர உத்தரவு போடுவதில்லை. வேலைக்காரக் கறையானுக்குப் பெரும்பாலும் கண்ணே கிடையாது. ஒன்று எச்சில் கலந்து ஒரு மண் உருண்டையை வைக்கும், அந்த உருண்டையே அடுத்த கறையானை அங்கே இன்னொன்று வைக்கத் தூண்டும், இப்படியே போய்த் தூணாகி வளைவாகிக் கோட்டையாகிவிடுகிறது. 1959இல் கிராஸே என்ற பிரெஞ்சு உயிரியலாளர் இதை விளக்கினார். திட்டம் போட்டவன் இல்லாமல் திட்டம் போட்ட மாதிரி ஒரு பொருள் உருவாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, நாம் அதன் முன்னாலேயே நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். டார்வின் 1859இல் உயிர்களுக்குச் சொன்னதும் வேறு வழியில் இதே மாதிரிதான். இதனால் குயவனே இல்லை என்று ஆகிவிடாது. குடத்தைக் காட்டி மட்டும் குயவனை நிரூபிக்க முடியாது என்றாகிறது.

தெரியாத இடத்தில் சாமியை வைப்பதும் ஆபத்தான பழக்கம். நியூட்டனே கிரகங்களின் பாதை நாளாவட்டத்தில் குலைந்து போகும், அப்போது கடவுள் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்தார். அவருக்கப்புறம் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் உட்கார்ந்து கணக்கு போட்டு, வியாழனும் சனியும் தடம் மாறுவது திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கம்தான் என்று காட்டிவிட்டார், சாமிக்கு அங்கே வேலை போய்விட்டது. பெருவெடிப்பைக் காட்டிப் படைப்புக்கு ஆதாரம் கிடைத்த மாதிரி போப் பன்னிரண்டாம் பயஸ் 1951இல் பேசினார். பெருவெடிப்புக் கருத்தை முதலில் முன்வைத்தவர்களில் ஒருவரான லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. அவர் யார் தெரியுமா? கத்தோலிக்கப் பாதிரியார். தன் கடவுளை ஒரு இயற்பியல் கொள்கையோடு கட்டிப்போட்டால், நாளைக்கு அந்தக் கொள்கை மாறும்போது கடவுளையும் சேர்த்துத் தூக்கிப்போடுவார்கள் என்ற விவரம் தெரிந்தவர்.

கடைசியாக, பரம்பொருள் ஏன் சிக்காது என்று சொல்லிவிடுகிறேன். நாளை ராத்திரி பழனி மலைக்கு மேல் நட்சத்திரமெல்லாம் நகர்ந்து தமிழில் 'நான் இருக்கிறேன்' என்று எழுதியது என்று வைத்துக்கொள். உலகம் முழுக்கத் தொலைநோக்கிகளில் பதிவாகிவிட்டது. நான் உட்பட எல்லோரும் வாயைப் பிளந்துவிடுவோம், அது மிகப் பெரிய ஆதாரம்தான். எதற்கு? நட்சத்திரத்தை நகர்த்தத் தெரிந்த, தமிழ் எழுதத் தெரிந்த யாரோ இருக்கிறார்கள் என்பதற்கு. நம்மைவிட வல்லவர் என்று தெரியும். எல்லாம் வல்லவரா? அளக்கிற கருவி எதுவும் ஒரு எண்ணைத்தான் காட்டும், எவ்வளவு பெரிய எண்ணானாலும் அதற்கு மேல் ஒன்று இருக்கும். முடிவில்லாத வல்லமை, முடிவில்லாத கருணை என்பதெல்லாம் எந்தக் கருவியின் முள்ளிலும் நிற்காது. ஒரு பொருளும் அவரை மறுக்க முடியாத இடத்தில் அவரை வைத்தவர்கள், ஒரு பொருளும் அவரைக் காட்ட முடியாத இடத்திலும் வைத்துவிட்டார்கள். அதனால் அறிவியல் கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டது என்கிற உன் ஹாஸ்டல் தோழனும் இந்தப் பரம்பொருள் விஷயத்தில் அவசரப்படுகிறான். ஈரோட்டுப் பெரியாரைத் துணைக்குக் கூப்பிடுவான், கூப்பிடட்டும், ஆனால் பெரியாரின் சண்டை முக்கியமாகச் சாமி பேரைச் சொல்லி மனுஷனை மேல் கீழ் என்று பிரித்ததோடு. துகள் இயற்பியலோடு அல்ல.

நம் குலசாமி அப்படி இல்லை. அதற்கு எல்லை இருக்கிறது, கோபம் வருகிறது, கெடாய் வெட்டாவிட்டால் மனக்குறை ஆகிறது, இன்ன காரியம் செய்வேன் என்று வாக்கு கொடுக்கிறது. ஆகவே அதனிடம்தான் போய்ப் பார்க்க முடியும்.

நான் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். எங்கள் தோட்டத்தில் இதுவரை மூன்று போர்வெல் போட்டிருக்கிறோம். தண்ணீர் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார், மூன்று இடத்திலும் தேங்காய் எழுந்து நின்றது, மூன்று இடத்துக்கும் பூக்கேட்டு வெள்ளை வந்தது, ஒன்றில்தான் தண்ணீர், அதுவும் ஆயிரம் அடிக்குக் கீழே. அடுத்த மாசம் நாலாவது போடுகிறோம். அண்ணனிடம் சொன்னேன்: வெள்ளை வந்த இடத்தில் மட்டும் தோண்டிக்கொண்டிருந்தால் சாமி சொன்னது சரியா என்று எந்தக் காலத்திலும் தெரியாது, சிவப்பு வந்த இடத்திலும் ஒன்று போட்டுப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும், அங்கே தண்ணீர் வராவிட்டால்தானே சாமிக்குப் பெருமை. அண்ணன் போர் வண்டிக்காரனுக்கு அடிக்கு எவ்வளவு என்று கணக்கு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "செவப்பு வந்த எடத்துல போர் போடுங்கற மொத ஆளு நீதாண்டா. காசு நீ குடுப்பியா?"